எட்டுச் செயலிக்கும் ஒரே போஸ்ட்கிரெஸ் போதுமா? கன்டெய்னரில் டேட்டாபேஸைப் பகிர்வது பற்றி

வைகைக்கரை | காலை 10.15

வணக்கம். எங்கள் டீமில் மூன்று நோடு (சர்வர்) கொண்ட சின்ன குபெர்னெட்டிஸ் கிளஸ்டர், அதாவது செயலிகளைக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, ஒன்று ஓடுகிறது. அதில் எட்டுச் செயலிகள். ஒவ்வொன்றையும் எழுதியவர் தன் வசதிக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் 'பாட்' (கன்டெய்னர் ஓடும் சிறு அலகு) ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். இப்போது எட்டு போஸ்ட்கிரெஸ் நிற்கிறது. பதிப்பைப் பார்த்தால் ஒன்று 13, இரண்டு 14, மீதி எல்லாம் 16. பேக்கப் மூன்றுக்கு மட்டும்தான் ஒழுங்காகப் போகிறது.

மேலாளர், "எதற்கு எட்டு? ஒன்றாக்கிவிட்டால் மெமரியும் மிச்சம், பார்த்துக்கொள்வதும் சுலபம்" என்கிறார். எனக்குப் பாதி சரி என்று படுகிறது, பாதி பயமாக இருக்கிறது. ஒரே போஸ்ட்கிரெஸில் எட்டு டேட்டாபேஸ் வைப்பதா, ஒரே டேட்டாபேஸில் எட்டு ஸ்கீமா (உட்பிரிவு) வைப்பதா, இல்லை எட்டையும் அப்படியே விடுவதா?

இன்னொன்று. ரிப்போர்ட் டீமுக்கு பில்லிங் டேட்டா வேண்டும். பில்லிங்கின் டேட்டா டைரக்டரி என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் டிஸ்கில்தானே இருக்கிறது, அதையே இன்னொரு போஸ்ட்கிரெஸ் பாடிலும் மவுன்ட் செய்து (இணைத்து) படித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொல்கிறார். இது சரிவருமா?

நொய்யல் | காலை 10.48

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். அந்த என்எஃப்எஸ் யோசனையை இன்றைக்கே கைவிடுங்கள்.

படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தால் போஸ்ட்கிரெஸ் எழும்பவே எழும்பாது. தொடங்கும்போதே டேட்டா டைரக்டரியில் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி என்ற ஃபைலை அது எழுதியாக வேண்டும். எழும்பவில்லை என்றதும் யாராவது எழுதும் உரிமையையும் கொடுத்துவிடுவார்கள். ஆபத்து அங்கேதான்.

அந்த ஃபைல்தான் பூட்டு. சாதாரண சர்வரில் இரண்டாவது போஸ்ட்கிரெஸ் வந்தால், ஃபைலில் உள்ள பிராசஸ் எண்ணைப் பார்க்கும், அந்த எண்ணில் ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது என்று தெரிந்ததும் தொடங்க மறுத்துவிடும். கன்டெய்னருக்குள் கதை வேறு. அங்கே போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் பிராசஸ் எண் 1 ஆகத்தான் ஓடும். இரண்டாவது பாட் வந்து ஃபைலைத் திறந்தால் உள்ளே 1 என்று இருக்கும். தன் எண்ணும் 1. "சரி, இது போன தடவை நான் செத்தபோது விட்டுப்போன ஃபைல்" என்று முடிவுகட்டி, அதை ஒதுக்கிவிட்டுத் தொடங்கிவிடும். ஷேர்டு மெமரியை வைத்துச் செய்யும் இன்னொரு சோதனையும் உண்டு, ஆனால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அது தனித்தனி என்பதால் அதுவும் கைகொடுக்காது.

அப்புறம் இரண்டு சர்வர்களும் ஒன்றைப் பற்றி ஒன்றுக்குத் தெரியாமல் ஒரே ஃபைல்களில் எழுதும். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக ஓடுவதுபோலத்தான் தெரியும். பிறகு பேக்கப்பிலிருந்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

இதே விபத்து என்எஃப்எஸ் இல்லாமலும் நடக்கும். போஸ்ட்கிரெஸை டெப்ளாய்மென்ட்டாக (ஒரு பாடுக்குப் பதில் இன்னொன்றை எழுப்பும் முறை) வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே ரெப்ளிகா (ஒரே பாட்) உள்ள டெப்ளாய்மென்ட்டில் இமேஜை (செயலியை அடைத்த பொதியை) மாற்றினால், இயல்பான அமைப்பில் புதிய பாட் எழுந்த பிறகுதான் பழையது போகும். வால்யூம் (பாடுக்குக் கொடுக்கும் டிஸ்க்) ரீட்ரைட்ஒன்ஸ் தானே, இன்னொருவர் தொட முடியாதே என்று நினைக்கலாம். அந்த 'ஒன்ஸ்' நோடுக்குத்தான் பொருந்தும், பாடுக்கு இல்லை. ஒரே நோடில் இரண்டு பாடுகளும் விழுந்தால் இரண்டும் தாராளமாக மவுன்ட் செய்யும். பாட் அளவில் தடுக்க ரீட்ரைட்ஒன்ஸ்பாட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, குபெர்னெட்டிஸ் 1.29இல் நிலையான வசதியாகிவிட்டது. அதைப் போடுங்கள். டெப்ளாய்மென்ட்டையும் விட்டு வெளியே வாருங்கள்.

ரிப்போர்ட் டீமுக்கு ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (மாற்றங்களை உடனுக்குடன் வாங்கும், படிக்க மட்டுமான நகல்) ஒன்று கொடுங்கள். டேட்டாவைப் பகிர வேண்டிய வழி அதுதான். நீளமான கேள்விகள் (குவெரிகள்) ரெப்ளிகாவில் 30 நொடியைத் தாண்டும்போது சில நேரம் ரத்தாகும். அந்த எல்லையை ரெப்ளிகாவில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

கரிசல்காடு | காலை 11.20

நொய்யல் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதையே நான் திருப்பிக் கேட்கிறேன். இத்தனை கண்ணிவெடி இருக்கிற இடத்தில் டேட்டாபேஸை எதற்கு வைக்க வேண்டும்?

ஒரு பாட் சரியில்லையா, கொன்றுவிட்டு வேறு நோடில் எழுப்பு. இதுதான் குபெர்னெட்டிஸின் குணம். வெப் சர்வருக்கு அது வரம். டேட்டாபேஸ் அப்படியில்லை. அதற்கு ஒரு டிஸ்க் வேண்டும், அந்த டிஸ்க் அங்கேயே இருக்க வேண்டும், யாரும் அதை அடிக்கடி எழுப்பித் தூங்கவைக்கக் கூடாது. மூன்று நோடு கிளஸ்டரில் வாரம் ஒரு தடவை யாராவது ஒரு நோடைக் காலி செய்து அப்டேட் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் போஸ்ட்கிரெஸ் இடம் மாறும்.

என் ஆலோசனை: இரண்டு விஎம் (மெய்நிகர் சர்வர்) எடுங்கள். ஒன்றில் பிரைமரி (எழுதும் மூலப் பிரதி), மற்றதில் ரெப்ளிகா. செயலிகள் எல்லாம் குபெர்னெட்டிஸில் இருக்கட்டும், டேட்டாபேஸ் வெளியே இருக்கட்டும். இல்லையா, கிளவுட் நிறுவனம் தரும் மேனேஜ்டு சேவையை வாங்குங்கள். காசு கூடத்தான். உங்கள் டீமில் முழுநேர டேட்டாபேஸ் ஆள் இல்லையென்றால் அந்தக் காசு நியாயமானது.

தாமிரபரணி | பிற்பகல் 12.05

கரிசல்காடு சொல்வது 2016இல் முழு உண்மை. அப்போது ஒவ்வொரு பாடுக்கும் நிலையான பெயரும் டிஸ்கும் தரும் பெட்செட் என்று ஒன்று ஆல்ஃபா நிலையில் இருந்தது, அந்த ஆண்டு கடைசியில் 1.5இல் அதற்கு ஸ்டேட்ஃபுல்செட் என்று பெயர் மாறியது, 2017 டிசம்பரில் 1.9இல்தான் நிலையானது. அதற்கு முன்னால் டேட்டாபேஸை உள்ளே வைத்தவர்கள் பட்ட பாட்டில்தான் "குபெர்னெட்டிஸில் டேட்டாபேஸ் வேண்டாம்" என்ற பேச்சே பிறந்தது.

ஸ்டேட்ஃபுல்செட்டால் ஒரு முக்கியமான நன்மை உண்டு. நோடோடு தொடர்பு அறுந்தால், அந்தப் பாட் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று உறுதியாகாமல் அதே பெயரில் இன்னொன்றை வேறு நோடில் எழுப்பாது. சிலர் இதைக் கோளாறு என்று நினைத்து, ஃபோர்ஸ் டிலீட் போட்டு விடுவிக்கிறார்கள். அது காப்பு. நோடை அணைத்துவிட்டோம் என்று கண்ணால் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் ஸ்டேட்ஃபுல்செட்டுக்கு போஸ்ட்கிரெஸ் என்றால் என்னவென்று தெரியாது. எது பிரைமரி, எது ரெப்ளிகா, பிரைமரி போனால் யாரை உயர்த்துவது, இதெல்லாம் அதன் வேலையில்லை. அதற்குத்தான் ஆபரேட்டர். 2016இல் கோர்ஓஎஸ் நிறுவனம் முன்வைத்த யோசனை அது: டேட்டாபேஸ் நிர்வாகி கையால் செய்வதை ஒரு புரோகிராமாக எழுதி கிளஸ்டருக்குள்ளேயே ஓடவிடுவது. ஜலாண்டோ ஆபரேட்டர், பிரைமரி மாற்றத்தைக் கவனிக்கும் பட்ரோனி என்ற கருவியை வைத்து அதைச் செய்கிறது. 2022இல் ஓப்பன் சோர்ஸாக வந்த கிளவுட்நேட்டிவ்பிஜி ஸ்டேட்ஃபுல்செட்டையே விட்டுவிட்டு, பாடுகளையும் வால்யூம்களையும் தானே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. நான் பிந்தையதை வைத்திருக்கிறேன். நோடைக் காலி செய்யும்போது ரெப்ளிகாவை பிரைமரியாக உயர்த்திவிட்டுத்தான் பழையதை இறக்குகிறது. செயலிக்கு ஓரிரு நொடி கனெக்ஷன் அறுந்து திரும்ப வரும், அவ்வளவுதான். எழுத ஒரு சர்வீஸ் பெயர், படிக்க மட்டும் இன்னொரு சர்வீஸ் பெயர் என்று அதுவே உருவாக்கித் தரும். வைகைக்கரை, உங்கள் ரிப்போர்ட் டீமுக்கு அந்த இரண்டாவது பெயரைக் கொடுத்தால் போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. டிஸ்க் நல்லதாக இருக்க வேண்டும். கமிட் ஒவ்வொன்றும் டிஸ்கில் விழுந்ததா என்று போஸ்ட்கிரெஸ் காத்திருக்கும். நோடில் உள்ள எஸ்எஸ்டிக்கும் நெட்வொர்க் வழியாக வரும் வால்யூமுக்கும் அந்தக் காத்திருப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்ற கருவியை உங்கள் வால்யூமில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வைகைக்கரை | பிற்பகல் 1.30

மூவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன், எட்டில் ஐந்து டெப்ளாய்மென்ட்டாகத்தான் இருக்கிறது. என்எஃப்எஸ் யோசனையை நிறுத்திவிட்டேன்.

உள்ளேயா வெளியேயா என்பதில் ஆபரேட்டர் பக்கம்தான் மனம் போகிறது. ஆனால் மேலாளரின் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒன்றா, எட்டா?

நொய்யல் | பிற்பகல் 3.10

முதலில் மெமரி கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ் (பொது மெமரி) இயல்பாக 128 எம்பி. எட்டுக்கும் சேர்த்தால் 1 ஜிபி. வேலையில்லாமல் நிற்கும் இன்ஸ்டன்ஸ் (தனியாக ஓடும் ஒரு போஸ்ட்கிரெஸ்) அதைக்கூட முழுதாகத் தொடாது. ஒன்றாக்கினால் மிச்சமாவது அந்த 1 ஜிபியில் ஒரு பகுதி. மெமரியை உண்மையில் தின்பது கனெக்ஷன்களும் பெரிய வரிசைப்படுத்தல்களும். அவை ஒன்றாக்கினாலும் அதே அளவுதான் இருக்கும். மேலாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பார்த்துக்கொள்வது சுலபம் என்ற பாதி உண்மைதான். எட்டு பதிப்புகளை அப்டேட் செய்வதும், எட்டு பேக்கப்புகளைக் கண்காணிப்பதும் வேலைதான். ஆனால் ஆபரேட்டர் வந்துவிட்டால் அந்த வேலை எட்டு மடங்காக இருக்காது. ஒரே மாதிரியான எட்டு ஃபைல்கள், அவ்வளவே.

இனி ஒன்றாக்கினால் எதையெல்லாம் பொதுவில் வைக்கிறோம் என்று பாருங்கள். டேட்டாபேஸ்கள் எட்டாக இருந்தாலும் இன்ஸ்டன்ஸ் ஒன்றுதான். ரோல்கள் (பயனர் கணக்குகள்) எல்லாம் பொது. மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் டபிள்யூஏஎல் லாக் ஒன்றே ஒன்று. பழைய வரிகளைத் தானாகச் சுத்தம் செய்யும், இயல்பான மூன்று ஆட்டோவேக்கம் வேலையாட்கள்தான் எட்டுக்கும். 13ஐ 17க்கு உயர்த்த வேண்டுமென்றால் எட்டும் ஒரே இரவில் போக வேண்டும். யாரோ ஒருவர் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகா வாங்கும்வரை லாக்கை வைத்திருக்கச் சொல்லும் குறி) ஒன்றை உருவாக்கிவிட்டு மறந்துபோனால், டபிள்யூஏஎல் குவிந்து டிஸ்க் நிரம்பும், எட்டுச் செயலியும் சேர்ந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து இதற்கு எல்லை வைக்க வழியுண்டு, ஆனால் இயல்பில் எல்லையில்லை.

மெமரி லிமிட்டைப் பாருங்கள். குபெர்னெட்டிஸ் கன்டெய்னருக்குத்தான் லிமிட் போடும். போஸ்ட்கிரெஸுக்குள் ஒரு டேட்டாபேஸுக்கு இவ்வளவு சிபியூ, இவ்வளவு மெமரி என்று கட்டிவைக்க வழியில்லை. ஒரு செயலியின் மோசமான கேள்வி மெமரியை மீறினால் லினக்ஸ் ஒரு பிராசஸைக் கொல்லும். தன் பிள்ளைப் பிராசஸ் ஒன்று இப்படிச் செத்தால், ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லாக் கனெக்ஷன்களையும் அறுத்துவிட்டு ரெகவரியில் இறங்கும். ரிப்போர்ட் செயலி செய்த தவறுக்கு பில்லிங் கவுன்ட்டரில் நிற்பவருக்கு எரர் வரும். குபெர்னெட்டிஸ் 1.28இலிருந்து சிகுரூப் 2 (லினக்ஸ் லிமிட் போடும் புதிய முறை) உள்ள நோடுகளில் இயல்பாகவே கன்டெய்னர் மொத்தமும் கொல்லப்படும் என்பதால் நிலைமை இன்னும் கடுமை. எட்டுக்கும் தனித்தனிச் சுவர் எழுப்பத்தான் கன்டெய்னர் போட்டோம். ஒன்றாக்கும்போது அந்தச் சுவர்களை நாமே இடிக்கிறோம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ரெஸ்டோர். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஆறு செயலிகள் ஒரே இன்ஸ்டன்ஸில் இருந்தன. ஒரு நாள் மதியம் ஸ்டாக் செயலியில் ஒருவர், எந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (WHERE) நிபந்தனை இல்லாமல் ஒரு அப்டேட்டை ஓட்டிவிட்டார். எல்லாப் பொருளின் விலையும் ஒன்றாகிவிட்டது. பதினைந்து நிமிடம் பின்னால் போனால் போதும். பாயின்ட் இன் டைம் ரெகவரிக்கு (குறித்த நேரத்துக்குத் திரும்பும் வசதி) எல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அது இன்ஸ்டன்ஸ் முழுவதையும்தான் பின்னால் கொண்டுபோகும். மற்ற ஐந்து செயலிகளில் மதியம் வரை மக்கள் வேலை செய்திருக்கிறார்கள், அதை அழிக்க முடியுமா? அதனால் முழு பேக்கப்பையும் தனியாக வேறு டிஸ்கில் விரித்து, பழைய நேரத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து அந்த ஒரு டேட்டாபேஸை மட்டும் டம்ப் (ஃபைலாக நகல்) எடுத்துத் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த டேட்டாபேஸ் மிகச் சின்னது. அதற்காக நூறு மடங்கு பெரிய பேக்கப் விரிவதற்கு சாயங்காலம் வரை காத்திருந்தோம். கடை ஊழியர்கள் நோட்டில் எழுதி விற்றார்கள்.

அதனால் நான் கேட்பது ஒரே கேள்விதான். இந்த இரண்டு செயலிகளும் ஒன்றாகப் பின்னால் போகலாமா? போகலாம் என்றால் ஒரே இன்ஸ்டன்ஸில் இருக்கட்டும். சில நேரம் ஒன்றாகத்தான் போக வேண்டும்கூட. ஆர்டரும் பேமென்ட்டும் வேறு வேறு நேரத்துக்கு ரெஸ்டோர் ஆனால் கணக்கே இடிக்கும். போகக் கூடாது என்றால் பிரித்துவிடுங்கள். கிளவுட்நேட்டிவ்பிஜி எழுதியவர்களும் ஓர் இன்ஸ்டன்ஸுக்கு ஒரு டேட்டாபேஸ் என்றுதான் பரிந்துரைக்கிறார்கள்.

கரிசல்காடு | பிற்பகல் 3.45

ரெஸ்டோரை வைத்துப் பிரிப்பது நல்ல அளவுகோல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு இன்ஸ்டன்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெப்ளிகா என்றால் பதினாறு பாட். மூன்று நோடில் பதினாறு போஸ்ட்கிரெஸ். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து பார்ப்பவர் வைகைக்கரை ஒருவர்தான். ஆபரேட்டர் நன்றாக ஓடும்வரை சரி. அது மாட்டிக்கொண்டால் போஸ்ட்கிரெஸும் தெரிய வேண்டும், குபெர்னெட்டிஸும் தெரிய வேண்டும், ஆபரேட்டர் எப்படி யோசிக்கிறது என்றும் தெரிய வேண்டும். ஆள் பலத்தைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்யக் கூடாது.

நொய்யல் | பிற்பகல் 4.00

நியாயமான பேச்சு. எட்டையும் எட்டாக வைக்கச் சொல்லவில்லை. எட்டில் நிஜமாகவே முக்கியமானவை எத்தனை? என் ஊகம் இரண்டோ மூன்றோ. அவற்றுக்குத் தனி இன்ஸ்டன்ஸும் ரெப்ளிகாவும் கொடுங்கள். மீதி, அலுவலகத்துக்குள் பயன்படும் சின்னச் செயலிகள் எல்லாம் ஓர் இன்ஸ்டன்ஸைப் பகிரட்டும்.

மருதநிலம்21 | மாலை 5.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணன்மாரே. எனக்கு குபெர்னெட்டிஸ் எல்லாம் இல்லை. ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்), அதில் டாக்கர் கம்போஸ் (ஒரு ஃபைலில் எழுதி கன்டெய்னர்களை ஓட்டும் கருவி). இரண்டு புராஜெக்ட், இரண்டும் ஒரே போஸ்ட்கிரெஸைப் பகிர வேண்டும். 5432 போர்ட்டைத் திறந்து வைத்து, இரண்டும் சர்வர் ஐபிக்கு கனெக்ட் ஆகின்றன. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 5432 தடை போட்டிருக்கிறேன், அதனால் வெளியாட்கள் வர முடியாது. இது போதும்தானே?

ஏரிக்கரை | மாலை 5.41

தம்பி, போதாது. இதை இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

கம்போஸ் ஃபைலில் 5432:5432 என்று எழுதினால் டாக்கர் எல்லா முகவரியிலும் அந்தப் போர்ட்டைத் திறக்கும். அதற்கான விதிகளை லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் தானே எழுதிக்கொள்ளும். அந்தப் போக்குவரத்து யுஎஃப்டபிள்யூ பார்க்கும் இடத்துக்கு வருவதே இல்லை. யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் தடை என்று காட்டும், வெளியே இருந்து பார்த்தால் போர்ட் திறந்திருக்கும். மொபைல் டேட்டாவில் உள்ள வேறு கணினியிலிருந்து சோதித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். இப்படித் திறந்து கிடந்த டேட்டாபேஸ்களைத் தேடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி சர்வர்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். டாக்கரில் ஒரு நெட்வொர்க்கைத் தனியாக உருவாக்குங்கள். போஸ்ட்கிரெஸுக்கு ஒரு கம்போஸ் ஃபைல், இரண்டு புராஜெக்ட்டுக்கும் அவரவர் ஃபைல். மூன்றிலும் அந்த நெட்வொர்க்கை எக்ஸ்டர்னல் என்று குறிப்பிட்டுச் சேருங்கள். கன்டெய்னர்கள் பெயரைச் சொல்லியே ஒன்றையொன்று பிடிக்கும். போர்ட்ஸ் பகுதியையே எடுத்துவிடலாம். உங்கள் லேப்டாப்பிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் 127.0.0.1 முன்னால் போட்டு எழுதி, எஸ்எஸ்எச் டன்னல் வழியாக வாருங்கள்.

போஸ்ட்கிரெஸைத் தனி ஃபைலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு புராஜெக்ட்டைச் சுத்தம் செய்வோம் என்று கம்போஸ் டவுன் மைனஸ் வி போட்டால் அந்த ஃபைலில் உள்ள வால்யூம்களும் போய்விடும். இரண்டு புராஜெக்ட்டின் டேட்டாவும் அதில் இருந்தால் இரண்டும் போகும்.

மருதநிலம்21 | மாலை 6.30

சோதித்துவிட்டேன் அண்ணா. வெளியே இருந்து கனெக்ட் ஆகிறது! போர்ட்டை மூடிவிட்டேன், பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஆனால் போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்டு வேரியபிளை மாற்றி ரீஸ்டார்ட் செய்தும் பழைய பாஸ்வேர்டுதான் வேலை செய்கிறது.

ஏரிக்கரை | மாலை 6.38

அந்த வேரியபிள் டேட்டா டைரக்டரி காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் படிக்கப்படும். உள்ளே போய் ஆல்டர் ரோல் கொடுத்து மாற்றுங்கள். தொடக்க ஸ்கிரிப்ட்டுகளும் இப்படித்தான், முதல் தடவை மட்டும். இன்னொன்று, இமேஜில் லேட்டஸ்ட் என்று போடாமல் பதிப்பு எண்ணைப் போடுங்கள். பெரிய பதிப்பு மாறினால் பழைய டேட்டா டைரக்டரியைப் புதிய போஸ்ட்கிரெஸ் திறக்காது. 18இல் அதிகாரபூர்வ இமேஜின் வால்யூம் பாதையும் மாறியிருக்கிறது. பழைய பாதையிலேயே மவுன்ட் செய்து கொண்டுபோகாதீர்கள்.

வைகைக்கரைக்கும் ஒரு வார்த்தை, இது இரண்டு இடத்திலும் வரும். கன்டெய்னருக்குள் டெவ் எஸ்எச்எம் என்ற ஷேர்டு மெமரி இடம் இயல்பாக 64 எம்பிதான். பெரிய டேபிளில் பேரலல் கேள்வி ஓடும்போது "டிவைஸில் இடமில்லை" என்று எரர் வரும். டிஸ்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். ஆட்கள் டிஸ்கைப் பெரிதாக்கிக்கொண்டே இருப்பார்கள், எரர் போகாது. டாக்கரில் எஸ்எச்எம் அளவைக் கூட்ட வேண்டும். குபெர்னெட்டிஸில் மெமரியில் உள்ள எம்ப்டிடிர் (தற்காலிக வால்யூம்) ஒன்றை அந்த இடத்தில் மவுன்ட் செய்ய வேண்டும். அதுவும் மெமரி லிமிட்டுக்குள் வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பாலாறு | இரவு 8.05

எட்டு இமேஜ்களிலிருந்து ஒன்றுக்கு நகரப் போகிறீர்கள் என்றதும் ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது. இப்போதுள்ள எட்டில் ஆல்பைன் இமேஜ் எத்தனை, டெபியன் இமேஜ் எத்தனை (இரண்டும் லினக்ஸ் வகைகள்)?

எழுத்துகளை வரிசைப்படுத்தும் வேலையை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் கீழே உள்ள சி லைப்ரரியிடம் விட்டுவிடுகிறது. ஆல்பைனில் இருப்பது மசில், டெபியனில் இருப்பது ஜிலிப்சி. இரண்டின் வரிசையும் வேறு. ஒன்றில் கட்டிய இண்டெக்ஸை (தேடல் பட்டியலை) மற்றதில் திறந்தால், இருக்கிற பெயரையே இல்லை என்று சொல்லும். யூனிக் (மறுபடி வரக் கூடாது) என்று போட்ட பத்தியில் அதே பெயர் இரண்டாம் தடவையும் ஏறும். ஜிலிப்சிக்குள்ளேயே 2018இல் வந்த 2.28இல் வரிசை பெரிய அளவில் மாறியது. அதனால் பழைய டெபியன் இமேஜிலிருந்து புதிய டெபியன் இமேஜுக்குப் போனாலும் இதே கதைதான். டேட்டா டைரக்டரியை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். டம்ப் எடுத்து ஏற்றினால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும், பிரச்சினை இல்லை. அப்படியே தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ரீஇண்டெக்ஸ் கட்டாயம்.

நம் ஆட்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. மசில் வெறும் யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந முடிந்த உடனே வந்துவிடுகிறது, ற என்பது ர முடிந்ததும் வருகிறது. அதனால் வாடிக்கையாளர் பட்டியலில் கனகா முன்னாலும் கபிலன் பின்னாலும் வருவார்கள். கறுப்பாயிக்குப் பிறகுதான் கலா. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி, ஆகவே கபிலன், கலா, கறுப்பாயி, கனகா என்றுதான் வர வேண்டும். பட்டியலைப் பிரின்ட் எடுத்துப் பார்க்கும் வயதான கணக்கர் உடனே கண்டுபிடித்துவிடுவார். புதிய டேட்டாபேஸை உருவாக்கும்போதே ஐசியு (தனி யூனிகோட் லைப்ரரி) வரிசையைத் தேர்ந்தெடுத்து, மொழி தமிழ் என்று கொடுங்கள். வரிசையும் சரியாக வரும், சி லைப்ரரியைச் சார்ந்தும் இருக்காது. பின்னால் மாற்றுவது பெரிய வேலை, இப்போது ஒரு வரி.

வைகைக்கரை | இரவு 9.10

பாலாறு, மூன்று ஆல்பைன், ஐந்து டெபியன். தமிழ்ப் பெயர்கள் இரண்டு செயலிகளில் இருக்கின்றன. நல்ல வேளை சொன்னீர்கள்.

மேலாளரோடு பேசிவிட்டேன். மெமரி கணக்கைக் காட்டியதும் அவரே, "அப்போது பேக்கப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்" என்றார். முடிவு இதுதான்: பில்லிங்கும் ஆர்டரும் ஒன்றாக ஓர் இன்ஸ்டன்ஸ், ரெப்ளிகாவோடு. லாகின் சேவைக்குத் தனி இன்ஸ்டன்ஸ். மீதி ஐந்துக்கும் சேர்த்து ஒன்று, ஐந்து டேட்டாபேஸ்களாக. மூன்றையும் ஆபரேட்டர் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஐந்து பகிர்வதில் நான் கவனிக்க வேண்டியது என்ன? கனெக்ஷன் கணக்கும் பயமுறுத்துகிறது.

நொய்யல் | இரவு 9.50

ஐந்துக்கும் ஸ்கீமா வேண்டாம், டேட்டாபேஸ் என்று எடுத்தது சரி. ஸ்கீமாவாக வைத்தால் யாராவது அவசரத்துக்கு ஒரு செயலியிலிருந்து இன்னொன்றின் டேபிளை ஜாயின் செய்வார்கள், அப்புறம் பிரிக்கவே முடியாது.

ஆனால் டேட்டாபேஸ் தனி என்பதாலேயே பூட்டு விழுந்துவிடாது. இயல்பில் எந்த ரோலும் எந்த டேட்டாபேஸுக்கும் கனெக்ட் ஆகலாம், ஏனென்றால் கனெக்ட் உரிமை பப்ளிக்கிடம் இருக்கிறது. ஒவ்வொரு டேட்டாபேஸிலும் அதைப் பறித்துவிட்டு, அதன் சொந்த ரோலுக்கு மட்டும் கொடுங்கள். பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய வழக்கம் 15இல் நின்றுவிட்டது. ஆனால் பழைய பதிப்பில் எடுத்த டம்ப்பை ஏற்றியபின் உரிமைகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்தச் செயலிக்கும் சூப்பர்யூசர் கொடுக்காதீர்கள்.

குபெர்னெட்டிஸ் பக்கம் இரண்டு விஷயம். சர்வீஸ் பெயர் எந்த நேம்ஸ்பேஸிலிருந்தும் (கிளஸ்டருக்குள் உள்ள தனிப் பிரிவு) கிடைக்கும், சீக்ரெட் (பாஸ்வேர்டு வைக்கும் இடம்) கிடைக்காது. ஒரு பாட் தன் நேம்ஸ்பேஸில் உள்ள சீக்ரெட்டை மட்டும்தான் எடுக்க முடியும். ஆகவே ஒவ்வொரு செயலியின் நேம்ஸ்பேஸிலும் அதன் பாஸ்வேர்டு மட்டும் இருக்கும்படி வையுங்கள். வசதிக்காக எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் நகலெடுக்காதீர்கள். சீக்ரெட் என்று பெயர் இருந்தாலும் அது வெறும் பேஸ்64 எழுத்துமுறை, கிளஸ்டரின் தகவல் கிடங்கான எட்சிடியில் இயல்பில் என்கிரிப்ட் ஆகாது. அடுத்து, நெட்வொர்க் பாலிசி போட்டு 5432க்கு யார் வரலாம் என்று கட்டுங்கள். உங்கள் நெட்வொர்க் பிளகின் பாலிசியை மதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் ஃபிளானல் பிளகின் என்றால் பாலிசி எழுதியும் பயனில்லை, எரரும் வராது.

கனெக்ஷன் கணக்கு: செயலிக்கு மூன்று பாட், பாடுக்கு பத்து கனெக்ஷன் என்றால் ஐந்து செயலிக்கு 150. போஸ்ட்கிரெஸின் இயல்பான எல்லை 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டது. புதிய பதிப்பு ஏற்றும்போது பழைய பாடும் புதிய பாடும் சேர்ந்து நிற்கும் என்பதால் இன்னும் கூடும். எல்லையை 500 ஆக்குவது தீர்வில்லை, ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி பிராசஸ். நடுவில் கனெக்ஷன்களைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை டிரான்சாக்ஷன் முறையில் (ஒரு டிரான்சாக்ஷன் முடிந்ததும் கனெக்ஷன் அடுத்தவருக்குப் போகும்படி) வையுங்கள், ஆபரேட்டரிலேயே அதற்கு வசதி உண்டு. ஒவ்வொரு ரோலுக்கும் கனெக்ஷன் எல்லையும், ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் போட்டுவிடுங்கள். பகிரும் இடத்தில் ஒருவர் மற்றவர் பங்கைத் தின்னாமல் இருக்க அது உதவும்.

வைகைக்கரை | இரவு 10.12

டிரான்சாக்ஷன் முறையில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (முன்பே தயாரித்து வைத்த கேள்வி) உடையும் என்று படித்தேனே? டேபிள் அமைப்பை மாற்றும் எங்கள் மைக்ரேஷன் கருவியும் ஏதோ லாக் எடுக்கிறது.

நொய்யல் | இரவு 10.25

பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டை 2023இல் வந்த பிஜிபவுன்சர் 1.21இலிருந்து தாங்கும். அமைப்பில் மேக்ஸ்_பிரிப்பேர்டு_ஸ்டேட்மென்ட்ஸ் பூஜ்யமாக இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்க்யூஎல்லில் நேரடியாக பிரிப்பேர் என்று எழுதினால் மட்டும் இன்னும் உடையும், டிரைவர் வழியாகப் போனால் சரி. அட்வைசரி லாக், லிஸன், செஷன் அளவிலான செட் இவையெல்லாம் அந்த முறையில் நம்ப முடியாது. மைக்ரேஷனை பிஜிபவுன்சர் வழியாக விடாமல் போஸ்ட்கிரெஸுக்கே நேராக அனுப்புங்கள். அதற்கு ஒரு தனி ரோல் வைத்தால் இன்னும் நல்லது.

நகர்த்தும் வரிசையும் சொல்லிவிடுகிறேன். 13இல் உள்ளதை முதலில் எடுங்கள், அதற்கு 2025 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது. டம்ப் எடுக்கப் புதிய பதிப்பின் பிஜி_டம்ப்பைப் பயன்படுத்துங்கள். பிஜி_டம்ப்பில் ரோல்கள் வராது, பிஜி_டம்ப்ஆலில் குளோபல்ஸ் மட்டும் தனியாக எடுக்க வேண்டும். பதிப்பு பொருந்தாத பிஜி_டம்ப் என்ன செய்யும் என்பதற்கு 2017 ஜனவரி 31இல் கோட் சேமிக்கும் தளமான கிட்லேப்பில் நடந்தது எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். சர்வர் 9.6, பேக்கப் ஓடியதோ 9.2 கருவியில். ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்தது, எச்சரிக்கை மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. டேட்டா டைரக்டரி தவறுதலாக அழிந்தபோது, தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள்.

கரிசல்காடு | இரவு 10.40

அதனால் வைகைக்கரை, பேக்கப் ஓடியது என்ற பச்சை விளக்கை நம்ப வேண்டாம். வாரம் ஒரு தடவை பில்லிங் பேக்கப்பை வேறொரு நேம்ஸ்பேஸில் தானாக ரெஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் எண் அதில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) எழுதுங்கள். இல்லையென்றால் அலாரம் அடிக்கட்டும். பேக்கப் போகும் இடமும் இந்த மூன்று நோடுக்கு வெளியே இருக்கட்டும்.

வைகைக்கரை | இரவு 10.52

பேக்கப்புக்கு வெளியே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் கேட்டு மேலாளருக்கு எழுதிவிட்டேன். கிரான்ஜாப்பை நாளைக்கே தொடங்குகிறேன், இப்போதுள்ள எட்டுக்கும் சேர்த்து. இண்டெக்ஸ் விஷயத்தில் சந்தேகம் வந்தால் பாலாறைத் தொந்தரவு செய்வேன்.

பாலாறு | இரவு 11.05

தாராளமாக. நகர்த்துவதற்கு முன்னால் அந்த இரண்டு செயலியிலும் பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தி ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். புதியதில் அதே கேள்வியை ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டால், எத்தனை பேர் என்பதும் வரிசை எங்கே மாறியது என்பதும் ஒரே பார்வையில் தெரியும்.